மறைக்கலாகாத நோய்

எங்கள் மகளுக்கு 9 வயதில் நீரிழிவு கண்டது. தீராத தாகமும் உடல் மெலிவும் தில்லி வெயிலின் விளைவென்றே எண்ணியிருந்தோம். இனிப்பு மிகுதியால் வந்ததென்றனர் உறவினர். அது பிழை. உடலின் காப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் கணைய உயிரணுக்களை அழிப்பதால் வருவது இந்நோய். 1922-இல் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்குமுன் இத்தகைய குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை.

பெண் குழந்தையாயிற்றே என்று முதலில் மறைத்தோம். ஊசிக்குப்பின் உணவு தாழ்ந்த ஒரு நாள், பள்ளியில் அவள் வியர்த்து நடுங்கினாள். உடனே சர்க்கரை தரவேண்டுமென்று அறிந்தவர் அங்கு எவருமில்லை. அன்றுமுதல் ஆசிரியரிடமும் அயலாரிடமும் இந்தியில் எடுத்துரைத்து வருகிறோம். இன்று அவள் தோழியர் பையிலும் சர்க்கரை உண்டு.

நவம்பர் 14 குழந்தைகள் தினம்; உலக நீரிழிவு தினமும் அதுவே. உறவினர் தொலைவிலிருக்கும் நமக்கு அயலாரே முதல் துணை. அவர்களிடம் மறைக்கலாகாது.