ஒருவர் வென்றால் போதாது



வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மேடையில் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பது பெற்றோர் பலரின் அச்சம். ஆயினும் விளையாட்டை ஆடுவது வேறு; ஆக்குவது வேறு. ஆக்குவதில் அடங்கியுள்ள கல்வியையே நாம் இன்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில், கணினியியல் பேராசிரியர் ராண்டி பாஷும் நாடகப் பேராசிரியர் டான் மரினெல்லியும் இணைந்து, 1990-களின் இறுதியில் பொழுதுபோக்குத் தொழில்நுட்ப மையத்தை நிறுவினர். அங்குப் பயிலும் மாணவர் குழுக்கள், வெளியார் ஒப்படைக்கும் பணியை ஒரு பருவம் முழுதும் செய்கின்றன. நிரல் எழுதுவோரும் ஓவியம் தீட்டுவோரும் ஒலியமைப்போரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர்.

பலர் கூடி ஆடும் கூட்டுறவு விளையாட்டு ஒன்றைச் செய்து தருமாறு கேட்டால், இத்தகைய குழுவினர் எடுத்த எடுப்பிலேயே அதை முழுமையாகக் கட்டுவதில்லை. முதலில் காகிதத்திலும் அட்டையிலும், பின்னர்க் கணினியிலும் எளிய முன்மாதிரிகளைச் செய்வர். பிறரை ஆடச் சொல்லி அருகிருந்து கவனிப்பர். பயன் தராதவற்றைத் தயங்காது விலக்குவர்.

கூட்டுறவு விளையாட்டில் அனைவரும் சேர்ந்தே வெல்வர். அன்றேல் சேர்ந்தே தோற்பர். எனினும் அதிலும் ஓர் இடர் உண்டு. கைதேர்ந்த ஒருவர் எல்லாருக்கும் கட்டளையிடத் தொடங்குவார். ஏனையோர் வெறும் ஏவலராவர். இதைத் தவிர்க்கத் திறமையான படைப்பாளர், அறிவையும் ஆற்றலையும் ஆடுவோரிடையே பிரித்து வைக்கின்றனர். 2015-இல் வெளிவந்த ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’ என்னும் விளையாட்டு இதற்குச் சான்று. ஒருவர் கண்ணுக்கு மட்டும் வெடிகுண்டு தெரியும். அதைச் செயலிழக்கச் செய்யும் கையேடு மற்றவர்களிடம் இருக்கும். பார்ப்பவர் சொல்ல வேண்டும்; படிப்பவர் வழிகாட்ட வேண்டும். எவர் வாய்மூடினாலும் தோல்வியே. சிறிது நேரத்தில் செய்த முன்மாதிரியாக 2014-இல் கனடாவின் ஒட்டாவாவில் பிறந்ததே இவ்விளையாட்டும்.

இதில் நமக்குரிய பாடம் யாது? சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பாளரையே மேலும் கீழுமாகப் பிரித்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். நல்ல குழுவிலும் வேலைகள் பிரிந்தே உள்ளன. ஆனால் எவர் வேலையும் பிறப்போடு ஒட்டியதன்று, எவர் வேலையும் தாழ்ந்ததன்று. ராண்டி பாஷ் தம் வகுப்பில் பல துறை மாணவரை நால்வர் நால்வராகச் சேர்த்து, இரு வாரத்திற்கொரு படைப்பு செய்வித்தார்; ஒவ்வொரு படைப்பும் முடிந்தவுடன் குழுவைக் கலைத்து மாற்றினார். ஒருவரோடு சேர்ந்து பணியாற்றுவது எத்துணை எளிது என்பதையும் உடன்பயில்வோரைக் கொண்டே மதிப்பிடச் செய்தார்.

மற்றொன்றும் சிந்திக்கத் தக்கது. முன்மாதிரி என்பது தவறுவதற்கு அளிக்கப்படும் உரிமை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் நம் பிள்ளைக்கு அவ்வுரிமை எளிதில் கிட்டுவதில்லை. குடும்பத்தின் நம்பிக்கை முழுதும் அவன் தோளில், அவள் தோளில் ஏற்றப்பட்டுள்ளது. ஒரு முறை இடறினாலே, “இவர்களால் இவ்வளவுதான்” என்று சொல்லக் காத்திருப்போர் உளர். ஆகவே அஞ்சாது முயன்று, தவறி, திருத்திக்கொள்ளும் இடத்தை நாமே நம் பிள்ளைகளுக்கு அமைத்துத் தருதல் வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. நம் மாலைப் படிப்பகத்தில் நால்வர் கூடட்டும். அட்டையும் கத்தரிக்கோலும் கொண்டு, கூடி வெல்லும் விளையாட்டு ஒன்றை ஆக்கட்டும். இரு வாரத்தில் அதை இளையோர்க்கு ஆடக் கொடுத்துக் குறைகளை அறியட்டும். பின்னர்க் குழு மாறட்டும். பெண்பிள்ளைகளிடம் குறிப்பெழுதும் வேலையை மட்டும் தள்ளிவிடாமல், திட்டமிடும் பொறுப்பையும் நிரல் எழுதும் பொறுப்பையும் அளிப்போம்.

நம்முள் ஒருவர் உயர்ந்து விட்டால் அது மகிழ்ச்சி. அவர் கற்றதை ஏனையோரும் கற்குமாறு செய்வதே இக்கழகம் தோன்றியதன் நோக்கம். வரும் ஆண்டுகளிலும் அந்நோக்கம் நிறைவேற உழைப்போமாக.