பிசகு யார் பக்கம்?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பல்சரைப் பத்திப் பேசப்போறேன்" என்று செயலாளரிடம் போனில் சொன்னேன். "ஏண்டா, பைக் கம்பெனிக்கு மாறிட்டியா?" என்று கேட்டார். இல்லை. நான் சொல்வது வானத்தில் இருக்கிற பல்சர். நான் வானியல் படித்தவன் அல்ல. இதே கல்லூரியில் கருவியியல் படித்துவிட்டு, ஆலைகளில் வெப்பமானிகளோடும் அழுத்தமானிகளோடும் காலம் தள்ளுகிறவன். என்னைப் பல்சர் பக்கம் திருப்பியது நான் செய்த ஒரு தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். எங்கள் ஆலையில் ஒரு பெரிய மின்விசிறியின் பேரிங் சூடு தினமும் பிற்பகல் மூன்றரை மணிக்கு ஏறும், ஆறு மணிக்கு இறங்கும். பத்து நாள் வரைபடத்தை இணைத்து, "பேரிங் போகப்போகிறது" என்று அறிக்கை எழுதினேன். அதை நம்பி ஒன்றரை நாள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். பிரித்துப் பார்த்தால் பேரிங் புதுசு மாதிரி இருக்கிறது! பக்கத்தில் நின்ற ஃபிட்டர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சார், அந்தப் பொட்டி மேல மூணரைக்கு அப்புறம் வெயில் அடிக்குது பாருங்க." டிரான்ஸ்மிட்டர் இருந்த பெட்டி அது. மேற்கு வெயிலில் பெட்டி சூடேற, உள்ளே இருந்த கருவி அளவைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. பத்து நாளாக நான் அளந்தது பேரிங்கை அல்ல, சூரியனை.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று, "பிசகு என் பக்கம்" என்று சொன்னேன். அந்த மூன்று வார்த்தை வெளியே வர எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். அந்த வாரம் தூக்கம் பிடிக்காமல் எதையோ படித்துக்கொண்டிருந்தபோதுதான், ஆண்ட்ரூ லைன் என்ற ஆங்கிலேய வானியலாளரின் கதை கண்ணில் பட்டது. அவரிடம் போவதற்கு முன் பல்சர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

பெரிய நட்சத்திரம் ஒன்று வெடிக்கும்போது அதன் நடுப்பகுதி சுருங்கி, ஒரு நகரத்தின் அளவே உள்ள உருண்டையாகிவிடும். குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான்; எடையோ சூரியனைவிட அதிகம். அது சுழலும்போது, கலங்கரை விளக்கத்தின் ஒளி மாதிரி, அதன் ரேடியோ கதிர் நம்மைத் தடவிவிட்டுப் போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல்தான் இதை முதலில் கண்டார். நீளநீளமான காகிதச் சுருளில் ஒரு சின்னக் கிறுக்கல். ஏதோ மனிதர்கள் உண்டாக்கிய இரைச்சல் என்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் அது 24 மணிக்கொரு தடவை வரவில்லை. ஒவ்வொரு நாளும் 4 நிமிஷம் முன்னதாக வந்தது. அது நட்சத்திரங்கள் உதிக்கிற கணக்கு. மனிதர்கள் வேலை செய்வது சூரியனின் கணக்கில். ஆக, பிசகு நம் பக்கம் இல்லை என்று அந்த 4 நிமிஷம் சொல்லிவிட்டது. என் வரைபடத்தில் இருந்தது சரியாக 24 மணி. இந்த ஒரு கேள்வியை நானும் கேட்டிருந்தால் ஆலை நின்றிருக்காது.

1982-இல் கண்டுபிடித்த ஒரு பல்சர் விநாடிக்கு 642 தடவை சுற்றுகிறது. நிமிஷத்துக்கு 38,500 சுற்று; வீட்டு மிக்சியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். இந்த வகைப் பல்சர்களின் சுழற்சி அத்தனை சீரானது. அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று பல வருடங்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிடலாம். பிறகு தொலைநோக்கியில் உண்மையில் எப்போது வந்தது என்று குறித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். கையில் நிற்கிற மிச்சம் இருக்கிறதே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல பல்சர்களில் அந்த மிச்சம் ஒரு மைக்ரோ விநாடிக்கும் கீழே. மிச்சம் பூஜ்யத்தைச் சுற்றிக் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடந்தால் நம் கணக்கு சரி. அலை மாதிரி ஏறி இறங்கினால், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அது வானத்தில் இருக்கிறதா, நம் கணக்கில் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

இனி லைன். 1991 ஜூலையில் லைனும் அவருடைய சகாக்கள் இருவரும், ஒரு பல்சரின் மிச்சம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குகிறது, அதை ஒரு கிரகம் சுற்றுகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சூரியனுக்கு வெளியே ஒரு கிரகம்! உலகமே பரபரப்பானது. ஆறு மாதம் என்பதைக் கவனியுங்கள். நம் பூமியின் வருஷத்தில் சரிபாதி. சில மாதங்கள் கழித்து, மறுபடி கணக்குப் போட்டபோது லைனுக்கு விஷயம் புரிந்தது. பல்சர் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் தவறாக எடுத்திருந்தார்கள். அந்தத் தவறான இடத்தை வைத்துப் பூமியின் பாதையைக் கழித்தபோது, அது நீள்வட்டம் என்பதைச் சரியாகக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டும் சேர்ந்து இல்லாத கிரகத்தை உண்டாக்கிவிட்டன. அவர்கள் பார்த்தது பூமியின் ஆட்டத்தை!

1992 ஜனவரியில் அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்தில், அந்தக் கிரகத்தைப் பற்றிப் பேசத்தான் அவரை அழைத்திருந்தார்கள். மேடையேறி, கிரகம் இல்லை, தவறு எங்களுடையது என்று சொன்னார். அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே கூட்டத்தில் அடுத்துப் பேசியவர் அலெக்சாண்டர் வோல்ஷான். இன்னொரு பல்சரைச் சுற்றி இரண்டு கிரகங்கள் இருப்பதாகச் சொன்னார். ஒன்று சுற்றிவர 66 நாள், மற்றது 98 நாள். வருஷக் கணக்கோடு இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போதாததற்கு, டேல் ஃப்ரேல் வேறொரு தொலைநோக்கியைக் கொண்டு அந்தப் பல்சரின் இடத்தைத் தனியாக, துல்லியமாக அளந்து கொடுத்திருந்தார். சூரிய மண்டலத்துக்கு வெளியே உறுதிப்பட்ட முதல் கிரகங்கள் அவைதான். ஒரே மேடையில், ஒரே முறையில், ஒன்று பொய்த்தது, ஒன்று நிலைத்தது. நடுவில் இருந்த வித்தியாசம், தன் பக்கத்தை முதலில் சோதித்தது மட்டுமே.

இப்போது இந்த மிச்சத்தில் இன்னும் பெரிய ஒன்றைத் தேடுகிறார்கள். கோடிக்கணக்கான சூரியன்களின் எடையுள்ள இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றும்போது வெளியையே அசைக்கிற ஈர்ப்பு அலைகள் கிளம்பும். அந்த அலை ஒரு தடவை ஏறி இறங்கப் பல வருடம் பிடிக்கும். பூமியில் கட்டிய எந்தக் கருவிக்கும் அது எட்டாது. ஆகவே, வானம் முழுக்கப் பரவிய பல்சர்களையே கருவியாக்கிக்கொண்டார்கள்.

இங்கேயும் அதே கேள்வி: பிசகு யார் பக்கம்? இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. நம் கடிகாரம் பிசகினால், எல்லாப் பல்சர்களும் ஒன்றுபோல முந்தும் அல்லது பிந்தும். பூமி இருக்கும் இடத்தைத் தவறாக எடுத்திருந்தால், ஒரு திசையில் இருப்பவை முந்தும், எதிர்த்திசையில் இருப்பவை பிந்தும். ஈர்ப்பு அலையானால் இரண்டும் இல்லை. பக்கத்துப் பக்கத்துப் பல்சர்கள் ஒத்துப்போகும்; ஏறக்குறைய செங்கோணத்தில் இருப்பவை எதிர்மாறாக நடக்கும்; நேரெதிரே இருப்பவை மறுபடி ஓரளவு ஒத்துப்போகும். 1983-இலேயே ஹெல்லிங்ஸ், டவுன்ஸ் என்ற இருவர் இந்த வளைகோட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மூன்று குற்றவாளிகள், மூன்று கைரேகைகள்!

சொல்வது சுலபம். சூரிய மண்டலத்தின் நிறைமையம் எங்கே என்பதை நூறு மீட்டருக்குள் தெரிந்திருக்க வேண்டும். வியாழன் கிரகத்தின் பாதைக் கணக்கில் இருந்த சிறு தவறுகளே ஈர்ப்பு அலை போல வேஷம் போடக்கூடும் என்று 2018-இல் அமெரிக்காவின் நானோகிராவ் குழு கண்டது. அதற்கும் இடம் விட்டுக் கணக்கைத் திருத்தினார்கள். 2020-இல் பல பல்சர்களில் ஒரே மாதிரியான அசைவு தெரிந்தது. ஆனால் வளைகோடு கிடைக்கவில்லை. ஆகவே "கிடைத்துவிட்டது" என்று சொல்லாமல் காத்திருந்தார்கள்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. விண்வெளியில் இருக்கும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலையைத் தாமதப்படுத்தும். அதிர்வெண் குறையக் குறையத் தாமதம் கூடும். அதைத் துல்லியமாக அளந்து கழிக்கக் குறைந்த அதிர்வெண்ணில் பார்க்கிற தொலைநோக்கி வேண்டும். புனேக்கு அருகில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களோடு நிற்கிற ஜி.எம்.ஆர்.டி. அதற்குப் பொருத்தமானது. இந்தியப் பல்சர் குழு தொடங்கிய காலத்தில் நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியையும் பயன்படுத்தியது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் பூங்காவோடு திரும்பிவிடாமல் முத்தோரைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்தக் கருவி.

2023 ஜூன் மாத இறுதியில் அமெரிக்கக் குழு, ஐரோப்பிய - இந்தியக் கூட்டுக் குழு, ஆஸ்திரேலியக் குழு, சீனக் குழு எல்லாரும் ஒரே சமயத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். நானோகிராவ் மட்டும் 67 பல்சர்களின் 15 வருடப் பதிவுகளைப் பார்த்திருந்தது. அந்த வளைகோடு தலைகாட்டிவிட்டது. தற்செயலாக இப்படி வருவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. அப்படியும் அவர்கள் பயன்படுத்திய சொல் "சான்று" என்பதுதான், "கண்டுபிடிப்பு" அல்ல. அந்தச் சொல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் இன்னும் கடுமையானது.

அந்த முனகல் கருந்துளை ஜோடிகளுடையதாகவே இருக்கலாம். அல்லது பிரபஞ்சம் பிறந்த புதிதில் நடந்த ஏதோ ஒரு மாற்றத்தின் எதிரொலியாக, இன்றைய இயற்பியல் அறியாத ஒன்றாக இருக்கலாம். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் பதிவு சேரவில்லை. இன்னும் பல வருடம் அளக்க வேண்டும். அந்த அளவுகளை எடுக்கப்போகிறவர்கள் இந்த அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் அளவு ஒத்துவராவிட்டால், விடையைப் பார்த்துத் திருத்தி எழுதிவிடாதீர்கள். நாங்களும் அதைச் செய்தவர்கள்தான், பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்! அந்த மிச்சத்தை அப்படியே எழுதுங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள், கம்பியைப் பாருங்கள், பெட்டி வெயிலில் இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் நிற்கிற ஃபிட்டர் அண்ணனைக் கேளுங்கள். பிசகு உங்கள் பக்கம் என்றால் எழுந்து நின்று சொல்லிவிடுங்கள். எனக்கு அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் எழுதிய அறிக்கைகளை நம்பினார்கள். எல்லாம் பார்த்த பிறகும் மிச்சம் மிச்சமாகவே நின்றால், அப்போது வானத்தைப் பாருங்கள்.