கடற்கல்வியும் மீன்காட்சிச் சாலைத் தொண்டும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கடற்கல்வி. தமிழ்ப் பண்டிதனுக்குக் கடலில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். அந்நகைப்புக்கு யான் உரியவனே என்பதை ஒரு சிறு நிகழ்ச்சியால் முதற்கண் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் சங்கின் வகைகளைப்பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். இடம்புரி, வலம்புரி, சலஞ்சலம், பாஞ்சசன்னியம் என நூல்கள் வகுக்கும் முறையை விரித்துரைத்து, அவற்றின் உயர்வு தாழ்வுகளையும் விளக்கி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, சங்கு என்ன தின்னும்?” என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. “உனக்குத் தெரியுமா?” என்றேன். “மணலுக்குள்ளே இருக்கும் புழுவைத் தின்னும் ஐயா, அப்பா சொல்லியிருக்கிறார்” என்றான். அவன் தந்தை சங்கு குளிக்கும் தொழிலாளி. பின்னர் மீன்துறை நூல்களைப் புரட்டிப் பார்த்தேன்; பையன் சொன்னதே சரி.

யான் நாணியது ஒருபுறமிருக்க, அப்பையனும் நாணித் தலைகுனிந்து நின்றதுதான் என் நெஞ்சை உறுத்திற்று. தன் தந்தை சங்கு குளிப்பவர் என்பது உடன் பயில்வோர்க்குத் தெரிந்துவிட்டதே என்னும் நாணம் அது. சங்கு என்னும் சொல்லை யான் அறிவேன். சங்கினை அவன் தந்தை அறிவார். இவ்விரண்டு அறிவும் ஒரு கூரையின்கீழ்ச் சந்திப்பதற்கு நம் ஊரில் இடமில்லை. அவ்விடத்தை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இன்று யான் சொல்ல வந்தது. அதற்குச் சிறியதொரு மீன்காட்சிச் சாலை ஏற்றதாகும்.

“கடலே முன்னே கிடக்கக் கண்ணாடித் தொட்டி எதற்கு?” என்று பெரியோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் நாம் கடலின் மேற்பரப்பையும், வலையில் ஏறிய மீனையும், சந்தையில் கிடக்கும் மீனையுமே பெரும்பாலும் காண்கிறோம். நட்சத்திரமீன் தன் இரைப்பையை வெளியே நீட்டிச் சிப்பியின் சதையை உண்பதையும், ஆண் கடற்குதிரை தன் வயிற்றுப் பையிற் குஞ்சுகளைச் சுமப்பதையும் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? கடலுள் மூழ்குவோர் சிலரே. கண்ணாடி முன் நிற்பவர்க்கோ மூச்சடக்கும் வருத்தமின்றி அக்காட்சி கிட்டும்.

மீன்காட்சிச் சாலை நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னை அருங்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-ஆம் ஆண்டில் மெரினாக் கடற்கரையில் ஒன்று நிறுவப்பெற்றது. அருங்காட்சிச் சாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிச் சாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் சென்னை மக்கள் வழங்கிய காலம் அது. கடலுயிர்களுக்கென எழுந்த அந்த உயிர்க் காலேஜ் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

எனினும், காட்சிச் சாலையால் நன்மையே விளையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லேன். 1853-இல் லண்டன் விலங்குத் தோட்டத்தில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சிச் சாலை திறக்கப்பெற்றது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி காஸ் என்பவர் மறு ஆண்டே அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். நூலைப் படித்தோர் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்கு விரைந்தனர். பாறைக் குட்டைகளில் வாழ்ந்த உயிர்களை வாரிச் சென்றனர். அழகே உருவாயிருந்த அக்குட்டைகள் வெறுமையாகிவிட்டன என்று அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளிவந்த தம் நூலில் வருந்தி எழுதினார். கடலை நேசிக்கக் கற்பித்தவரே கரை வறிதாவதற்குக் காரணமானார்.

யானும் இப்பிழை செய்தவனே. ஒருமுறை மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றபோது, அவர்கள் ஆவலோடு பிடித்த நட்சத்திரமீன்களை ஒரு வாளியிலிட்டுப் பள்ளிக்குக் கொண்டுவர இசைந்தேன். நீர் குறைந்ததெனக் கிணற்று நீரையும் ஊற்றினோம். மாலைக்குள் யாவும் மடிந்தன. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அவ்வளவு திடீரென மாறுமாயின் நட்சத்திரமீன் தாங்காது என்பதைப் பின்னரே அறிந்தேன். அறியாமையோடு கூடிய அன்பும் கொல்லும் என்பது அன்று யான் கற்ற பாடம்.

இக்குற்றம் நேராவண்ணம் ஒரு காட்சிச் சாலையை நடத்தலாகுமோ எனின், ஆகும். கனடா நாட்டின் மேலைக்கரையில், வான்கூவர் தீவில் யூக்லூலெட் என்றோர் சிற்றூர் உண்டு. சுமார் 2000 பேரே வாழும் ஊர். அவ்வூரார் 2004-இல் கடலோரத்தில் மிகச் சிறிய காட்சிச் சாலை ஒன்றைத் தொடங்கினர்; 2012-இல் அதற்கு நிலையான கட்டடம் எழுந்தது. ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் அருகிலுள்ள கடலிலிருந்தே உயிர்களைக் கொணர்வர். பருவ முடிவில் அவற்றை மீண்டும் கடலிலேயே விட்டுவிடுவர். அங்கு உயிர்கள் கைதிகளல்ல. சின்னாள் தங்கிச் செல்லும் விருந்தினர். விருந்தினரை வழியனுப்ப ஊராரும் கூடுவர்.

நமக்கும் இம்முறையே ஏற்றது. சங்கக் கட்டடத்தின் பின்கூடத்தில் இரண்டு தொட்டிகளும், குழந்தைகள் குனிந்து பார்க்கத்தக்க ஆழமற்ற நீர்த்தொட்டி ஒன்றும் இருந்தாற் போதும். மீன்வளத் துறை, வனத்துறை ஆகியவற்றின் அனுமதியை முன்னரே பெறுதல் இன்றியமையாதது. கடலட்டை, கடற்குதிரை, பவளப்பாறை உயிர்கள் ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றைப் படத்தாலும் பெரியோர் வாய்மொழியாலும் காட்டுவோம்.

இச்சாலையின் உயிர்நாடி தொண்டரே. தொண்டு என்றவுடன் விழா நாளில் பட்டை அணிந்து நிற்றல் என்று கருதற்க. நீரின் உப்பையும் வெப்பத்தையும் நாள்தோறும் அளந்து ஏட்டில் குறித்தல் வேண்டும். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு தோன்றும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். புதிய தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் நிலைபெற ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுகாறும் மீன்களை நிரப்பாமல் காத்திருத்தலே தொண்டரின் முதற் பயிற்சி. இரை மிகுதியாக இடாமை, எஞ்சியதை எடுத்துவிடுதல், நனைந்த கையால் மெல்லத் தொடுதல், நீரினின்றும் தூக்காமை, கரையில் புரட்டிய கல்லை மீண்டும் இருந்தபடியே வைத்தல் ஆகிய இவையெல்லாம் சிறு செயல்களே. ஆயினும் இவற்றைப் பழகிய பிள்ளை பொறுமையும் இரக்கமும் உடையவனாவான்.

இளைஞர்க்கு இத்தகைய தொண்டு இயலாது என்று எவரும் சொல்ல வேண்டா. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் மணலில் நடந்து, முட்டைகளைத் திரட்டிக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். ஊதியம் யாதுமில்லை.

தொண்டர் நம் பிள்ளைகள், ஆசிரியர் யார்? நம் மூத்த மீனவர்களே. கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் ஒரு கோட்டில் நிறுத்தி நோக்கிக் கடலடிப் பாறையின் இடத்தைத் துணிபவர் அவர். கொண்டலும் கச்சானும் வாடையும் சோழகமும் எந்த மீனைக் கொணரும் என்றறிந்தவர் அவர். வாரத்தில் ஒருநாள் அவர் தொட்டியருகே அமர்ந்து பேச, பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். எழுதப்படாத அவ்வறிவு ஒவ்வொரு முதியவரோடும் சாம்பலாகவும் மண்ணாகவும் போகின்றது.

அன்பர்களே! நம் முன்னோர் சுறவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. வாள்போன்ற கொம்புடைய வேளாச் சுறாவை இன்று நம் பிள்ளைகள் கண்டதுண்டா? அதுவும் 2001 முதல் அச்சட்டத்தின் காவலில் வைக்கப்படும் அளவுக்கு அருகிவிட்டது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தமையால் கடலரிப்பு மிகுந்து, அவற்றுள் இரண்டு நீரில் மறைந்தன. வெட்டிய கைகளுள் கரையோரத்தார் கைகளும் இருந்தன என்பதை மறைத்துப் பயனில்லை. வறுமை ஒரு காரணம். அப்பாறை உயிருள்ளது, அதுவே அலையைத் தடுப்பது, மீனுக்குத் தொட்டிலாவது என்று சொல்வாரின்மை மற்றொரு காரணம்.

ஆதலின் சங்கத்தாரை யான் வேண்டுவன மூன்று. பின்கூடத்தை இப்பணிக்கு ஒதுக்குக. ஒவ்வொரு குடும்பமும் வாரத்தில் ஒரு மணி நேரம் தொண்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்புக. ஆண், பெண் என்னும் வேறுபாடு வேண்டா. பிற குலத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கட்டும். கடல் ஒரு குலத்தார்க்கே உரியதன்று.

அங்கே முதல் நாள் சங்கினைப்பற்றிப் பேச யான் அழைக்க விரும்புவது அந்தச் சங்கு குளிப்பவரையே. அவர் மகன் அன்று தலைநிமிர்ந்து தந்தையின் பக்கத்தில் நிற்றல் வேண்டும். யான் மாணவர் வரிசையில் அமர்ந்து கேட்பேன்.