பம்புசெட் பேரிங்கைக் காப்பாற்றுங்கள்

நெல் பால் பிடிக்கிற சமயம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது, மோட்டார் மட்டும் ஓடவில்லை. கழற்றிப் பார்த்தால் காயில் எரிந்து கிடக்கிறது. வோல்டேஜ் குறைவுதான் காரணம் என்று உடனே சொல்லிவிடுகிறோம். அப்படியும் இருக்கலாம். ஆனால் பேரிங் தேய்ந்தாலும் இதே கதிதான். தேய்ந்ததும் ரோட்டார் ஒரு பக்கமாக இறங்கி ஸ்டேட்டரை உரசும். அந்தச் சூட்டில் காயில் எரியும். சின்னச் சாமான் கெட்டுப் பெரிய செலவு வைக்கிறது, பயிரும் வாடுகிறது.

ஆகவே புதுப் பேரிங் வாங்குமுன், பழையது ஏன் கெட்டது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றினால், புதியதும் அதே வழியில்தான் போகும்.

முதலில் கிரீஸ். பேரிங்கின் குண்டும் வளையமும் நேருக்கு நேர் உரசாமல் நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலமாக நிற்பது இதுதான். கிரீஸ் குறைந்தால் பேரிங் தேயும் என்பது உங்களுக்குத் தெரியும். அதிகமானாலும் கெடுதல்தாங்க! பேரிங் கூடு முழுக்க அடைத்துவிட்டால், குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும்; சூடேறி கிரீஸ் உருகிப்போகும். கூட்டிலுள்ள காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இருந்தால் போதும். பழைய கிரீஸோடு வேறு ரக கிரீஸைக் கலக்காதீர்கள். திறந்து வைத்த டப்பாவில் விழுந்த மணலும் தூசியும் பேரிங்குக்குள் போனால் அரம் போட்டு ராவியது மாதிரி தேய்த்துவிடும். நிப்பிளைத் துடைத்துவிட்டுத்தான் கிரீஸ் அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் மூடியுள்ள பேரிங்கில் கம்பெனியிலேயே கிரீஸ் வைத்திருப்பார்கள். அதைத் திறக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது சரி. பீச்சி அடித்தால் அது ஷாஃப்ட் வழியே பேரிங்குக்குப் போய்த் துருப் பிடிக்க வைக்கும். கிளாண்டு கயிற்றை மாற்றிவிடுங்கள். ஷாஃப்டில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள்.

மூன்றாவது, பாரம். பெல்ட் நழுவுகிறது என்று முறுக்கி முறுக்கி இழுத்துக் கட்டுகிறோம். அந்த இழுப்பு முழுவதும் பேரிங் மேல்தான் விழும். குண்டு பேரிங்கில் பாரம் 2 மடங்கானால் ஆயுள் பாதியாகக் குறைவதோடு நிற்காது. 8-ல் ஒரு பங்காகிவிடும். இரண்டு புல்லிக்கும் நடுவே 3 அடி இடைவெளி இருந்தால், வி-பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தும்போது சுமார் அரை அங்குலம் இறங்க வேண்டும். கப்ளிங் போட்ட செட்டாக இருந்தால், இரண்டு பாதியின் மேலும் ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து நாலு பக்கமும் பாருங்கள். எங்கும் மேடு பள்ளம் கூடாது. இடைவெளியும் நாலு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். குழாயின் கனத்தைப் பம்பு தாங்கக் கூடாது, தனியாக முட்டுக் கொடுங்கள்.

நான்காவது, சுத்தியல். ஷாஃப்டில் பேரிங் ஏற்றும்போது வெளி வளையத்தில் அடித்தால், அந்த அடி குண்டு வழியாக இறங்கி வளையத்தில் பள்ளம் விழும். ஓட்டின முதல் நாளே சத்தம் வரும். உள் வளையத்தில் சரியாக உட்காரும் குழாய்த் துண்டை வைத்து, ஒரே சீராக இறக்க வேண்டும். எண்ணெயில் வைத்துச் சூடாக்கியும் ஏற்றலாம். 110 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகக் கூடாது. நெருப்பில் நேராகக் காட்டவே வேண்டாம்.

வாங்கும்போது எண்ணை முழுசாக எழுதிக்கொண்டு போங்கள். 6205, 6305 இரண்டுமே 25 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்குத்தான். ஆனால் வெளி அளவு ஒன்றுக்கு 52, மற்றதற்கு 62 மில்லிமீட்டர். எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்தையும் விடாதீர்கள்.

மழைக் காலத்தில் மோட்டார் சும்மா கிடக்கும். அப்போது வாரம் ஒரு தடவை மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஷாஃப்டைக் கையால் நாலு சுற்றுச் சுற்றி வையுங்கள். கிரீஸ் எல்லா இடத்துக்கும் பரவும், துருவும் பிடிக்காது.

பேரிங் திடீரென்று சாவதில்லை. முன்கூட்டியே குரல் கொடுக்கும். மரப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். சுற்றுகிற பாகத்தில் வேட்டி, துண்டு படாமல் ஜாக்கிரதையாக இருங்கள். ஒரே சீரான ரீங்காரம் கேட்டால் நல்லது. கரகரவென்றோ, டக் டக்கென்றோ கேட்டால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். காயில் கட்டுகிற கூலியோடு பார்த்தால் பேரிங் விலை சின்னதுதான். தண்ணீர் பாய்ச்சுகிற பருவம் வருமுன்பே ஒரு நாள் ஒதுக்கி உங்கள் பம்புசெட்டைப் பார்த்துவிடுங்கள்.