பட்டறையில் தொடங்குக!
(தமிழாசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி 1978-இல் வந்தபொழுதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. தொழிற்பாடத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுவார்க்கு அன்று தொட்டு நாம் விடை கூறி வருகின்றோம். இயலும். ஆனால், அப்பாடத்தை வகுக்குங்கால் நாமே ஒரு பிழை செய்கின்றோம். செய்தவருள் நானும் ஒருவன்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பினர்க்குக் கிழமைக்கு இரண்டு பாடவேளை கைத்தொழிலை விருப்பப் பாடமாக வைக்க முடிவு செய்தனர். சொற்பட்டியல் ஆக்கும் பொறுப்பு என்பால் வந்தது. மூன்று இரவு கண்விழித்து, 'துளையிடு கைக்கருவி', 'சுழல்முறை உருட்சியாக்கப் பொறி' என்றெல்லாம் புனைந்து பெருமிதமுற்றேன். முதிய தச்சர் ஒருவரிடம் அதனைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், "ஐயா, தமரூசியையும் கடைசல் பொறியையுமா சொல்கிறீர்கள்?" என்றார். நாணினேன். தமரூசி என் கையிலிருந்த அகரமுதலியிலேயே இருந்தது!

உளி, இழைப்புளி, அரம், குறடு, துருத்தி, திருப்புளி, மரையாணி - இவற்றை எந்தப் புலவர் குழு ஆக்கித் தந்தது? ஆங்கிலத்தை அப்படியே தமிழெழுத்தில் எழுதுவாரும், வீட்டிலிருந்தே சொற்புனைவாரும் இக்கருவூலத்தைக் காண்பதில்லை. மின்னியல் போன்ற புதுத்துறைகட்குச் சொல்லாக்கம் வேண்டுவதே, அது வேறு.

பட்டியலைக் கிழித்துவிட்டுப் பாடத்தை மாற்றி வகுத்தோம். முதல் ஆறு கிழமை நூலில்லை. கொல்லர் உலைக்களமே வகுப்பறை. காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்தால் உறுதிப்படும். ஆயின் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகலின், துலக்கி மீண்டும் மெல்லச் சூடேற்றுவர். வைக்கோல் நிறம் தோன்றுங்கால் நிறுத்தினால் வெட்டுங்கருவிக்குரிய பதம். நீலம் படரவிட்டால் சுருள்வில்லுக்குரிய பதம். பிள்ளைகள் இதனைக் கண்ணாற் கண்டபின், முன்னது ஏறத்தாழ 230 பாகைச் செல்சியசு, பின்னது ஏறத்தாழ 300 என்றும், எஃகின்மேல் உயிர்வளி படர்த்தும் மென்படலமே அந்நிறத்திற்குக் கரணியம் என்றும் அறிவியலாசிரியர் விளக்குவார்.

இது குலக்கல்வியாகாதா என்று நண்பரொருவர் வினவினார். 1953-இல் வந்து 1954-இல் கைவிடப்பெற்ற அத்திட்டம் பெற்றோர் தொழிலைப் பிள்ளை தலையில் ஏற்றியது. இங்கோ யார் வீட்டுப் பிள்ளையும் உலைமுன் நிற்கும், பெண்பிள்ளைகளும் நிற்பர்.

கொல்லர்க்கும் தச்சர்க்கும் பாடவேளைக்கு ஊதியம் தர வழியில்லையாம், சான்றிதழ் இல்லையாம்! இத்திங்கள் நானே கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் அவர்கட்கு ஊதியம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவருகின்றேன். வழிமொழிய இருவர் வேண்டும்.