இறங்கச் சொல்லும் தெரு



சைக்கிளை ஏழைகளின் வாகனம் என்கிறோம். ஆனால் அதில் யார் ஏறிப் போகலாம், யார் இறங்கித் தள்ள வேண்டும் என்பதை நம் கிராமங்களில் சாதிதான் முடிவு செய்தது. சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளாக இருந்தாலும், ஆதிக்க சாதித் தெரு வந்ததும் தலித் இறங்க வேண்டும். காரணம் எளிது. சைக்கிளில் போகிறவரின் தலை, திண்ணையில் இருப்பவரின் தலைக்கு மேலே தெரிகிறது.

இது பழங்கதை இல்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று அப்போதுதான் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். சைக்கிளுக்காக நாடாளுமன்றமே ஒரு வரி எழுத வேண்டியிருந்தது!

தமிழ்நாட்டில் விலையில்லா சைக்கிள் திட்டம் முதலில் தொடங்கியது பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காக. பள்ளிப் படிப்பு பாதியில் நிற்கக்கூடாது என்பது நோக்கம். சைக்கிளை அரசு கொடுத்துவிடலாம். அது போகும் தெருவில் இறங்கச் சொல்கிறவர்களை என்ன செய்வது?

உங்கள் ஊரில் அப்படி ஒரு தெரு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் புகார் கொடுங்கள். பிரிவு 3(1)(இசட்ஏ). மறக்காமல் குறிப்பிடுங்கள்.