எழுத்தில்லாக் கல்வெட்டு
(மணலி புதுநகரில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

 

மணலி புதுநகர், கொற்றலை ஆறு கொணர்ந்து பரப்பிய வண்டலின்மேல் அமைந்த ஊர். இங்கு நிலத்தை அகழ்ந்தால் மணலும் களியும் வருமேயன்றிப் பாறை எளிதில் வாராது. ஆயினும், திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் குவிக்கப்பெற்றுள்ள பாறைகளை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். இருண்ட கல்லொன்றின் குறுக்கே வெளிர்நிறப் பட்டை ஓடுவதையும் எங்கேனும் கண்டிருப்பீர்கள். அப்பட்டை என்ன கூறுகின்றது என்பதே இன்றைய பொருள்.

நிலத்தின் ஆழத்தே உருகிய கற்குழம்பு, பழம்பாறையின் வெடிப்பினுள் ஏறிப் புகுந்து, குளிர்ந்து இறுகுகின்றது. சிறிதாயின் அது நரம்புபோல் தோன்றும். பெரிதாயின் நெடுந்தொலைவு சுவர்போல் நிற்கும். ஆங்கிலத்தார் இதனை டைக் என்பர். பாறைச்சுவர் என்றால் தமிழ்க் குழந்தைக்கும் விளங்கும்.

இக்கல்வெட்டைப் படிக்க மூன்று நெறிகள் உள. வெட்டிச் செல்வது இளையது, வெட்டுண்டது மூத்தது. இது முதல் நெறி. சுவர் வளைந்து நசுங்கி, அதன் மணிகள் ஒருபுறமாக வரிசைப்பட்டிருப்பின், நிலம் நெருக்குண்ணும் முன்போ நெருக்குண்ணும் போதோ அது புகுந்திருத்தல் வேண்டும். நேராகச் சிதைவின்றி நிற்பின், நெருக்கம் ஓய்ந்தபின் புகுந்தது. இஃது இரண்டாம் நெறி. கல்லினுள் சிர்க்கான் என்னும் நுண்மணிகள் உள. அவற்றிலுள்ள யுரேனியம் சிறுகச் சிறுக ஈயமாக மாறும். அதன் முதன்மை வகையிற் பாதி மாறுதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டு வேண்டும். இரண்டன் அளவையும் ஒப்பிட்டால் கல்லின் அகவை புலனாகும். இது மூன்றாம் நெறி.

இந்நெறிகளைக் கொண்டு நோக்கினால், தமிழகம் ஒரே துண்டாகப் பிறந்த நிலமன்று என்பது தெரியவரும். வடக்கே, கருநாடகத்தினின்று தருமபுரிப் பக்கம் நீளும் தார்வார்ப் பழம்பாளம். அதன் பாறைகள் 250 கோடி ஆண்டுகட்கு மேற்பட்டவை. தெற்கே மதுரைப் பாளம். இடையே, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து பவானி, நாமக்கல், கரூர்ப் பகுதிகளின் வழியாகக் காவிரியை ஒட்டிச் செல்லும் ஒரு பட்டை. 1980-இல் துரூரி, ஓல்ட்டு என்னும் இருவர் செயற்கைக்கோட் படங்களைக் கொண்டு தென்னாட்டு நிலத்தின் இத்தகைய வெட்டுப் பட்டைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். அப்பட்டை இரு பாளங்களைத் தைத்த தையல் என்பர் அறிஞர் பலர்.

தைத்த காலம் எது? 250 கோடி ஆண்டுகட்கு முன் என்பார் ஒரு சாரார். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகட்கு முன், இந்தியா, இலங்கை, மடகாசுக்கர், அண்டார்க்டிகா ஆகியன கோண்டுவானாப் பெருநிலமாக ஒன்றிய காலத்தே என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கில் சான்று கூற நிற்பவை சங்ககிரி, திருச்செங்கோட்டு வட்டாரத்துப் பாறைகள். பழைய வரிப்பாறையை ஊடுருவி நிற்கும் கிரானைட்டுக் கற்களும் அவற்றோடு இயைந்த பருமணி நரம்புகளும் அந்தப் பிற்காலத்தை ஒட்டியவை. பாளங்கள் நெருங்க, நிலவோடு தடித்தது. ஆழத்தே பாறை உருகியது. நெருக்கம் தளர்ந்து வெடிப்பு விட்டவிடத்தே உருகல் மேலேறியது. இரண்டு உடல் ஓருருவான மாதொருபாகன் வீற்றிருக்கும் திருச்செங்கோடு, இரண்டு நிலம் ஒன்றானதற்கும் சான்றிடமாக அமைந்தது வியப்பே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. கல்லின் அகவையைத் தமிழின் அகவையோடு கூட்டிப் பேசுதல் வேண்டா. கோடியாண்டுக் கல்லைக் கண்டவன் மாந்தன் அல்லன். தமிழின் பழமைக்குத் தமிழிலேயே சான்றுண்டு. கடன்வாங்கிய பெருமை அதற்கு இழுக்கு.

கல்கத்தாவில் 1693-இல் இறந்த சாப் சார்னாக்கின் கல்லறைக் கல், பல்லாவர, பரங்கிமலைக் கல்லை ஒத்திருத்தலைத் தாமசு ஆலந்து என்னும் அறிஞர் கண்டார். 1893-இல் அவ்வினக் கல்லுக்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். கல் பல்லாவரத்தது, பெயர் ஆங்கிலேயனது! இதற்குச் சினந்து பயனில்லை. கற்றவன் பெயரிடுகின்றான். தமிழன் கற்றால் தமிழ்ப்பெயர் பிறக்கும்.

அதற்குள் கல் எஞ்சுமா என்பதே கவலை. கல்லுடைத்துப் பிழைப்பாரைப் பழிப்பதற்கில்லை. எண்ணூர்க் கரையின் குப்பங்களைக் காப்பதும் உடைத்த கல்லே. ஆயினும், ஓலைச்சுவடியைப் படியாமல் அடுப்பிலிட்ட பிழையைப் பாறையிலும் செய்தல் வேண்டா. பரங்கிமலைச் சார்னோக்கைட்டை நாட்டின் நிலவியல் நினைவுச்சின்னமாக இந்திய நிலவியல் அளவைத்துறை அறிவித்துள்ளது. அதுபோல், வெட்டும் குழிகளில் சுவரோடிய முகம் ஒன்றையேனும் வெட்டாது விடுக! வெடிவைக்குமுன் படமெடுத்து, அளந்து, தமிழில் எழுதி வைக்குக! பள்ளிகள் மாணவரைக் கோயிற் கல்வெட்டுக்கு அழைத்துச் செல்வதுபோல் இக்கல்வெட்டுக்கும் அழைத்துச் செல்க!

ஒருமுறை உடைந்த சுவடு மறுமுறை எழுதப்படாது. உடைபடுமுன் படிப்போம், படித்ததைத் தமிழில் உரைப்போம்!